இந்தியன் காபி ஹவுஸ்: காப்பித் தோட்டத்திலிருந்து தொழிலாளர் உணவகம் வரை

இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படும் உணவகங்களின் பொதுப்பெயர். காப்பித் தோட்ட உரிமையாளர்களின் சரக்கை விற்பதற்காக 1936இல் தொடங்கப்பட்ட இந்த உணவகங்கள், 1950களின் நடுவில் மூடப்படும் நிலைக்கு வந்தன. அப்போது அங்கே சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் மேசை துடைத்தவர்களும் சங்கம் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினர். முதலாளி இல்லாத உணவகம் என்று இதைச் சொல்வதுண்டு. வேலை செய்கிற எல்லோருமே முதலாளிகள் என்பதே சரியான விளக்கம். இக்கதையின் ஒரு முனை ஏற்காடு போன்ற காப்பி மலைகளிலும் மறுமுனை திருச்சூர், புதுச்சேரி போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும் உள்ளது.

ஏற்காடும் காப்பியும்

சேலம் நகருக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுவது சேர்வராயன் மலை. அதன் மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உள்ளது. ஏரியும் காடும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. மலையின் உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. மலையின் பழங்குடி மக்கள் 'மலையாளி' என்று அழைக்கப்படுகின்றனர். இப்பெயருக்கும் கேரளத்து மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்களின் மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களில் மூத்தவரின் வழியினர் சேர்வராயன் மலையில் தங்கினர் என்பது இவர்களிடையே வழங்கும் தோற்றக்கதை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள்.

மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1820 முதல் 1829 வரை சேலத்தின் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஏற்காட்டில் காப்பியையும் ஐரோப்பியப் பழ மரங்களையும் பயிரிட்டுப் பார்த்தவர் இவர். 'ஏற்காட்டின் தந்தை' என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம். இவர் காலத்துக் கிரேஞ்ச் எஸ்டேட்டின் பெயர் இன்றும் ஊரில் வழங்குகிறது. காக்பர்னுக்குப் பின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மலையில் குடியேறினர். தேவாலயங்களும் பள்ளிகளும் பங்களாக்களும் எழுந்தன. தினையும் சாமையும் விளைந்த சரிவுகளின் ஒரு பகுதி எஸ்டேட் ஆனது.

இங்கு விளைவது பெரும்பாலும் அராபிகா வகைக் காப்பி. நிழலில் வளரும் செடி இது. அதனால் சில்வர் ஓக் மரங்களை உயரமாக வளர்த்து, அவற்றில் மிளகுக் கொடியை ஏற்றி, கீழே காப்பியை நடுகிறார்கள். கோடையில் ஒரு நல்ல மழை பெய்தால் செடி முழுவதும் வெள்ளையாகப் பூக்கும். ஆண்டின் இறுதியில் பழம் சிவக்கும். செடியிலுள்ள பழங்கள் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. எனவே ஒரே செடிக்குப் பலமுறை சென்று, சிவந்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். பறித்த பழத்தின் தோலை உரித்து, வழவழப்பு நீங்க ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்திய பிறகே கொட்டை மூட்டைக்குப் போகும். பிறகு மேலோடு நீக்கி, வறுத்து, அரைத்தால்தான் அது காப்பித்தூள். ஒரு டம்ளர் காப்பிக்குப் பின்னே இத்தனை பேரின் கைவேலை இருக்கிறது.

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற ரயில் பாதை சேலம் வழியாக அமைந்தது. மலைக்கு அடியிலேயே ரயில் வந்ததால் சரக்கு துறைமுகத்திற்குப் போவது எளிதாயிற்று. காப்பித் தோட்டம் ஏற்றுமதியை நம்பியே உருவான தொழில். உள்நாட்டில் காப்பி குடிப்பவர்கள் இருந்தாலும் விலையை நிர்ணயித்தது வெளிநாட்டுச் சந்தை. அந்தச் சந்தை சரிந்தபோதுதான் காபி ஹவுஸின் கதை தொடங்குகிறது.

வாங்க ஆளில்லாத காப்பி

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் விளைபொருள்களின் விலையைக் கவிழ்த்தது. பிரேசில் விற்க முடியாத காப்பியைக் கோடிக்கணக்கான மூட்டைகளாக அழித்த காலம் அது. இந்தியத் தோட்டக்காரர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று விளைச்சலைக் குறைப்பது. மற்றொன்று உள்நாட்டிலேயே புதிதாகக் குடிப்பவர்களை உண்டாக்குவது.

இரண்டாவது வழிக்குத் தேயிலை முன்னோடியாக இருந்தது. 1903லேயே தேயிலைக்குச் சட்டப்படி ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தை விளம்பரத்திற்குச் செலவிடும் ஏற்பாடு வந்துவிட்டது. காப்பிக்கு அதேபோன்ற சட்டம் 1935இல் வந்தது. அதன்படி இந்தியக் காப்பி வரிக் குழு அமைக்கப்பட்டது. விளைவிப்பவர்களிடமிருந்து திரட்டிய பணத்தில் இந்தியாவில் காப்பிப் பழக்கத்தைப் பரப்புவது அதன் வேலை.

தென்னிந்தியாவில் காப்பியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. வட இந்திய நகரங்களில் நல்ல காப்பி எப்படி இருக்கும் என்றே பலருக்குத் தெரியாது. சுவரொட்டியில் படம் போட்டு அதைப் புரியவைக்க முடியாது. கோப்பையைக் கையில் கொடுத்தால்தான் ஆகும். அந்த எண்ணத்தில் 1936இல் பம்பாய் சர்ச்கேட் பகுதியில் முதல் 'இந்தியா காபி ஹவுஸ்' திறக்கப்பட்டது. லாபத்திற்காகத் திறந்த கடை அன்று அது. விளம்பரச் செலவில் நடந்த மாதிரிக் கடை.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையையும் மூடியது. அரசு 1940இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1942இல் அது முழுச் சட்டமாகி, காப்பி வாரியம் உருவானது. அதன் பிறகு தோட்டக்காரர் தம் காப்பியைத் தாமே விற்க முடியாது. எல்லாச் சரக்கும் வாரியத்தின் பொதுத் தொகுப்பிற்குச் செல்லும். வாரியம் ஏலத்தில் விற்று, பிறகு பணத்தைப் பிரித்துக் கொடுக்கும். சேர்வராயன் மலைக் காப்பியும் கூர்க், நீலகிரி, பழனி மலைக் காப்பிகளும் ஒரே தொகுப்பில் கலந்தன. காபி ஹவுஸ்களும் வாரியத்தின் பொறுப்பில் வந்தன. 1940களில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐம்பதாக வளர்ந்தது.

காப்பி ஹோட்டலில் யார் உட்காரலாம்

காபி ஹவுஸ் என்ன புதுமையைக் கொண்டுவந்தது என்பதை அறிய, அக்காலத் தமிழ்நாட்டு உணவகங்களைப் பார்க்க வேண்டும்.

பழைய வழிப்பயணிகளுக்குச் சத்திரம் இருந்தது. அங்கே சோற்றுக்கு விலையில்லை. ஆனால் இன்ன சாதியாருக்கு இன்ன இடம் என்ற வரையறை இருந்தது. ரயிலும் கச்சேரியும் கல்லூரியும் வந்த பிறகு, வெளியூரில் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியவர்கள் பெருகினர். அவர்களுக்காக எழுந்தவையே காப்பி கிளப்புகள். கிளப் என்று பெயர் இருந்தாலும் உறுப்பினர் சேர்க்கை எதுவும் கிடையாது. இட்லி, தோசை, காப்பி விற்ற சிறு உணவகங்கள்தான் அவை. அந்தணர்கள் நடத்திய கடைகளே பெரும்பான்மை. யார் சமைத்தாலும் சாப்பிடலாம் என்ற நிலை அன்று இல்லாததால், அந்தணர் சமையல் என்பதே வணிகத்திற்கு உதவியது. 'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகைகள் அதனால் பெருகின. தமிழ்ச் சமூகத்தில் காப்பி பெற்ற இடத்தை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

இந்தக் கடைகள் பலவற்றில் அந்தணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டோருக்கு உள்ளே இடமே இல்லை. ரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் இப்பிரிவினை இருந்தது. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்பிற்குப் பின் 1941இல் ரயில் நிலையங்களில் அது நீக்கப்பட்டது. கடைகள், உணவகங்கள் போன்ற பொது இடங்களில் நுழைவதற்குச் சாதி, மதம் பார்த்துத் தடை விதிக்கக்கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறியது. உணவகத்தின் பெயரை அரசியலமைப்பிலேயே குறிப்பிட வேண்டியிருந்தது என்பதிலிருந்து அச்சிக்கல் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளலாம். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஆயினும் பலகைகள் உடனே இறங்கவில்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகம் மறியல் தொடங்கியது. பல மாதங்கள் நீடித்த அப்போராட்டத்தில் தொண்டர்கள் நாள்தோறும் கைதாயினர். அடுத்த ஆண்டில் அச்சொல் நீக்கப்பட்டது.

வாரியத்தின் காபி ஹவுஸ் எந்தச் சாதியின் பெயரையும் சூடிக்கொள்ளவில்லை. சமையல்காரர் யார் என்று சொல்லி விற்கவும் இல்லை. மேசை நாற்காலி, பீங்கான் கோப்பை, சீருடை அணிந்த பணியாளர் என்று ஐரோப்பியக் கடையின் தோற்றத்தை அது எடுத்துக்கொண்டது. விலையை மட்டும் குறைவாக வைத்தது. ஒரு கோப்பை காப்பிக்குக் காசு வைத்திருந்தவர் நெடுநேரம் உட்கார்ந்து பேசலாம். மாணவர்கள், எழுத்தாளர்கள், பத்திரிகைக்காரர்கள், தொழிற்சங்கத்தினர், வேலை தேடி நகரத்திற்கு வந்தவர்கள் ஆகியோர் அங்கே கூடியதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிய செய்திகளே வரலாற்றில் அதிகம். நின்றுகொண்டிருந்தவர்களுடைய கதை 1950களில்தான் வெளியே வந்தது.

மூடும் முடிவும் தொழிலாளர் எதிர்ப்பும்

1950களின் நடுவில் காப்பி வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. உணவகங்கள் நடத்துவதிலிருந்து விலக முடிவு செய்து காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியது. வாரியத்தின் நோக்கிலிருந்து பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் இருந்தது. பெருமந்தக் காலத்தில் சரக்கைத் தள்ளிவிடத் தொடங்கிய ஏற்பாடு அது. போர் முடிந்து சந்தை மீண்ட பிறகு, விளம்பரக் கடைகளின் தேவை குறைந்துவிட்டது. தொழிலாளர்களின் நோக்கிலிருந்து பார்த்தால் இருபது ஆண்டு உழைப்பிற்குப் பின் தெருவில் நிற்க வேண்டிய நிலை.

காப்பி வாரியத் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே தொழிற்சங்கம் இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஏ.கே. கோபாலன் அவர்களுக்குத் துணையாக நின்றார். கேரளத்தில் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த இவர் ஏ.கே.ஜி. என்று அறியப்பட்டவர். வேலைநீக்கத்திற்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் கோரிக்கைகள் இரண்டு: கடையை மூடாதே, இல்லாவிட்டால் இழப்பீடு கொடு. இவர்கள் மூன்றாவது கோரிக்கை ஒன்றை வைத்தார்கள். வாரியத்தால் நடத்த முடியாவிட்டால் கடைகளை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்றார்கள்.

இதற்கு ஏற்ற சட்ட வடிவம் கூட்டுறவுச் சங்கம். தமிழ்நாட்டிற்கு அது புதிதன்று. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் அது பொருள் வாங்குபவர்களின் கூட்டுறவு. கிராமங்களில் பரவியவை கடன் வாங்குபவர்களின் கூட்டுறவுகள். ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர்களே அதன் உரிமையாளர்களாகும் கூட்டுறவு அரிது. உணவகத் தொழிலில் அது மேலும் அரிது. தட்டு கழுவுபவரும் கல்லாவில் உட்காருபவரும் ஒரே சங்கத்தில் சமமான வாக்குரிமை பெறுவது அன்றைய ஹோட்டல் உலகில் எண்ணிப் பார்க்க முடியாதது.

1957 ஆகஸ்ட் 19இல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவு உருவானது. அந்த ஆண்டு முடிவதற்குள் டெல்லியில் மற்றொன்று எழுந்தது. 'இந்தியா காபி ஹவுஸ்' என்ற பெயர் 'இந்தியன் காபி ஹவுஸ்' என்று மாறியது. ஓர் எழுத்து மாற்றத்தில் வாரியத்தின் கடை தொழிலாளர்களின் கடையானது. திருவல்லிக்கேணியில் பெயர்ப்பலகைச் சொல்லை மாற்றப் போராட்டம் நடந்த அதே மாதங்கள் இவை. இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் உணவகத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வியும் உணவகம் யாருடையது என்ற கேள்வியும் ஒரே காலத்தில் எழுந்தன என்பது கவனிக்கத்தக்கது.

திருச்சூர், 1958

1958 மார்ச் 8இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. அன்று திருச்சூர் பெரிய நகரம் இல்லை. வடக்குநாதர் கோயிலைச் சுற்றிய திடலும் அதைச் சூழ்ந்த கடைத்தெருவுமாக இருந்த ஊர். பூரம் விழாவுக்காக ஆண்டுக்கொரு முறை கூட்டம் கூடும். பம்பாயிலும் டெல்லியிலும் போல அலுவலகக் கூட்டத்தை நம்பி அங்கே உணவகம் நடத்த முடியாது. உள்ளூர் மக்கள் மீண்டும் மீண்டும் வந்தால்தான் கடை நிற்கும்.

இந்த முயற்சியின் முதன்மையான மனிதர் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை. வாரியத்தின் தொழிலாளர்களில் ஒருவராக இருந்து, சங்கம் அமைக்கும் பணியில் இறங்கியவர். பிற்காலத்தில் 'காபி ஹவுஸ் பிள்ளை' என்றே அழைக்கப்பட்டார். தன் அனுபவங்களை 'காபி ஹவுஸின் கதை' என்று பொருள்படும் தலைப்பில் மலையாளத்தில் நூலாக எழுதினார். இந்திய உணவகங்களின் வரலாறு பெரும்பாலும் முதலாளிகளின் வாழ்க்கை வரலாறாகவோ வாடிக்கையாளர்களின் நினைவுக்குறிப்பாகவோ எழுதப்பட்டிருக்கிறது. பரிமாறும் பக்கத்தில் இருந்த ஒருவர் எழுதிய வரலாறு என்பதால் இந்நூலுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

கேரளத்தில் பின்னர் இரண்டு சங்கங்கள் நிலைபெற்றன. ஒன்றின் தலைமையிடம் திருச்சூர். தெற்கே திருவனந்தபுரம் வரையுள்ள கிளைகளை அது நடத்துகிறது. மற்றொன்றின் தலைமையிடம் கண்ணூர். பாலக்காடு முதல் காசர்கோடு வரையுள்ள கிளைகள் அதனுடையவை. மாவட்டத் தலைநகரங்களோடு நில்லாமல் சிறு ஊர்களுக்கும் மருத்துவமனை வளாகங்களுக்கும் கிளைகள் பரவின. நாட்டிலேயே காபி ஹவுஸ் அதிகம் வேரூன்றிய இடம் கேரளம்தான்.

நடத்தும் முறை

கூட்டுறவின் அடிப்படை எளியது. தொழிலாளர்கள் பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகிறார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. நிருவாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மிகுதியான வருவாய் வெளியாள் ஒருவரின் பைக்குப் போவதில்லை. சங்கத்தின் வளர்ச்சிக்கும் உறுப்பினர்களின் நலனுக்கும் செலவாகிறது.

பதவி உயர்வும் உள்ளிருந்தே நிகழ்கிறது. மேசை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்தவர் ஆண்டுகள் செல்லச் செல்லப் பரிமாறுபவராகவோ சமையல்காரராகவோ ஆகிறார். பிறகு கிளையின் மேலாளராகவும் வரலாம். தமிழ்நாட்டின் ஹோட்டல் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே சரக்கு மாஸ்டர் நன்றாகச் சம்பாதிக்கலாம், வேறு கடைக்கு மாறலாம், தனிக்கடையும் போடலாம். ஆனால் மேசை துடைக்கும் பையன் அதே கடையின் உரிமையாளர்களில் ஒருவராக ஆவதற்கு வழியில்லை.

காபி ஹவுஸின் அடையாளமாகிவிட்ட வெள்ளைச் சீருடையும் விசிறி போல விரிந்த தலைப்பாகையும் வாரியக் காலத்தின் எச்சம். பணியாளரின் இடுப்புப் பட்டையிலும் தலைப்பாகைப் பட்டையிலும் உள்ள நிறம் அவருடைய பதவியைக் காட்டும். வெள்ளைக்கார ஆட்சியில் பெரிய வீட்டுப் பணியாளருக்கு அணிவித்த உடையை ஒத்தது அது. கடையின் உரிமையாளர்களான பிறகும் தொழிலாளர்கள் அதைக் கைவிடவில்லை. வாடிக்கையாளருக்குப் பழகிய அடையாளமாக அதையே வைத்துக்கொண்டார்கள்.

உணவுப் பட்டியலும் அதிகம் மாறியதில்லை. காப்பி, ஆம்லெட், ரொட்டி, கட்லெட், மசால் தோசை ஆகியவை நிலையானவை. கேரளக் கிளைகளின் மசால் தோசைக்குள் பீட்ரூட் கலந்து சிவப்பாக இருக்கும் மசாலா பலருக்கும் தெரிந்தது. உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பழகிய தமிழ்நாட்டுக்காரர் முதல்முறை அதைப் பார்த்து வியப்பார். காப்பிக்கும் இதேபோன்ற வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பில்டரில் இறக்கிய டிகாக்ஷனோடு பாலைச் சேர்த்து டபராவில் ஆற்றித் தருவது வழக்கம். காபி ஹவுஸில் கோப்பையும் தட்டுமே வழக்கம்.

நான்கு ஊர்கள்

கல்கத்தாவின் காபி ஹவுஸ் கல்லூரித் தெருவில், ஆல்பர்ட் ஹால் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் 1942 முதல் நடந்தது. வங்காள எழுத்தாளர்களும் திரைப்படக் கலைஞர்களும் கூடிய இடம். 1983இல் மன்னா தே பாடிய ஒரு பாடல் அதை வங்காளம் முழுவதும் நினைவுச்சின்னமாக்கியது.

டெல்லி கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸ் அரசியல் பேச்சுக்குப் பெயர்பெற்றது. அவசரநிலைக் காலத்தில், 1976இல் அது இடிக்கப்பட்டது. சங்கம் பின்னர் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மேல்தளத்தில் கடையைத் தொடர்ந்தது.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பேருந்து நிலையத்திற்கு அருகிலுள்ள கிளையைக் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தார். சிறிய மனையில் செங்கல்லால் எழுந்த உருளை வடிவக் கட்டடம். உள்ளே படிக்கட்டு கிடையாது. சரிந்து மேலேறும் ஒரே பாதை சுருளாகச் செல்கிறது. அதன் ஓரத்தில் மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. சுவரிலுள்ள துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வரும். பேருந்துக்குக் காத்திருக்கும் சாதாரணப் பயணிக்காக நாட்டின் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஒருவர் கட்டிய உணவகம் இது.

தமிழ் பேசும் ஊர்களில் புதுச்சேரி நேரு வீதியின் காபி ஹவுஸ் உலக அளவில் அறியப்பட்டது. யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரைப் பகுதியில், கதையைச் சொல்லும் முதியவரை எழுத்தாளர் சந்திக்கும் இடமாக அது வருகிறது. பின்னர் புக்கர் பரிசு பெற்ற நாவலுக்குத் தொடக்கமாக ஒரு கூட்டுறவு உணவகத்தின் மேசை அமைந்தது.

1996க்குப் பிறகு

1990களில் காப்பித் தொழிலின் அமைப்பே மாறியது. வாரியத்தின் பொதுத் தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1996இல் முழுவதும் விலகியது. தோட்டக்காரர் தம் சரக்கைத் தாமே விற்கும் உரிமை மீண்டும் வந்தது. ஏற்காட்டுத் தோட்டத்தின் காப்பி ஏற்காட்டின் பெயரிலேயே விற்கப்படும் வாய்ப்பு அப்போதுதான் ஏற்பட்டது. இன்று காப்பி வாரியம் தனியாக அடையாளப்படுத்தும் காப்பி வட்டாரங்களில் சேர்வராயன் மலையும் ஒன்று.

அதே 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தது. காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த வி.ஜி. சித்தார்த்தா அதைத் தொடங்கினார். தோட்டக்காரர் நேரடியாகக் கடை திறக்கும் 1936ஆம் ஆண்டின் எண்ணம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு தனியார் முதலீட்டோடு திரும்பி வந்தது எனலாம். குளிரூட்டப்பட்ட அறையும் மெத்தை இருக்கையும் இளைஞர்களை ஈர்த்தன. ஒரு கோப்பையின் விலை காபி ஹவுஸின் விலையைப் போலப் பல மடங்கு.

காபி ஹவுஸ்கள் பல இடங்களில் தளர்ந்தன. குறைந்த விலையில் விற்பதால் சேமிப்பு அதிகம் சேர்வதில்லை. நகர மையங்களில் வாடகை ஏறியபோது ஈடுகொடுக்க முடியவில்லை. பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் நெடுங்காலம் இருந்த காபி ஹவுஸ் 2009இல் அவ்விடத்தை இழந்து சர்ச் தெருவிற்கு மாறியது. உறுப்பினர்களே நிருவாகிகளாக இருப்பதால் முடிவெடுக்கத் தாமதமாகும். புதிய முதலீடு திரட்டுவதும் கடினம். ஊரடங்குக் காலம் மேலும் சுமையைக் கூட்டியது. இவற்றையெல்லாம் மீறிக் கேரளத்தில் கிளைகள் நிலைத்திருப்பதற்குக் காரணம், அங்கே காபி ஹவுஸ் அறிவாளிகளின் கூடுமிடமாக மட்டும் நின்றுவிடாமல் குடும்பங்கள் மூன்று வேளையும் சாப்பிடும் சாதாரண உணவகமாக மாறிக்கொண்டது.

மதிப்பீடு

இந்தியன் காபி ஹவுஸைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அங்கே வந்துபோன பெரியவர்களைப் பட்டியலிடுகின்றன. அதன் உண்மையான சாதனை மேசைக்கு அந்தப்பக்கம் உள்ளது. முதலாளி கைவிட்ட நிறுவனத்தைத் தொழிலாளர்கள் எடுத்து நடத்திய முயற்சிகள் பல சில ஆண்டுகளிலேயே முடிந்துபோனவை. இது அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருக்கிறது. பெருமுதலீடோ வாரிசோ விளம்பரமோ இல்லாமல் சிற்றூரிலும் ஓர் உணவகம் தலைமுறைகளைக் கடக்க முடியும் என்பதற்குத் திருச்சூரில் தொடங்கிய சங்கம் சான்று.

இதன் எல்லையையும் குறிப்பிட வேண்டும். காப்பியைப் பரிமாறியவர்களுக்குக் கடை சொந்தமானது. காப்பியைப் பறித்தவர்களுக்குத் தோட்டம் சொந்தமாகவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை உரிமையாக்கியது. நிலத்தின் உரிமை அதற்கு அப்பால் இருந்தது. சேர்வராயன் மலையில் இன்று சிறு அளவில் காப்பி வளர்க்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிகள் இருக்கிறார்கள். சாமை விளைந்த மேட்டில் தம் சொந்தச் செடியிலிருந்து சிவந்த பழத்தைப் பறிக்கும் அவர்களுக்கு, அதைத் தோலுரித்து உலர்த்தி நல்ல விலைக்கு விற்க ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது. திருச்சூர் தொழிலாளர்கள் 1958இல் எடுத்த வழி அவர்களுக்கும் பொருந்தக்கூடியதே.